ரினௌண்ட் ஷாட்: தட்டு சுடுகிறவர்களுக்குச் சட்டம் தரும் படிநிலை

கோத்தகிரிப் பக்கம் விவசாயி வீட்டில் துப்பாக்கி இருப்பது அதிசயமில்லை. கேரட் காட்டில் பன்றி இறங்கும். அதற்காக அப்பாவோ தாத்தாவோ உரிமம் வாங்கி வைத்திருப்பார். அந்த வீட்டுப் பிள்ளை, பறக்கும் தட்டைச் சுடுகிற ட்ராப் போட்டிக்குப் போகத் தொடங்கினால் முதலில் வருகிற கேள்வி, "இருக்கிற துப்பாக்கியே போதாதா?" என்பதுதான். போதாது. பயிர்க் காவலுக்கு வாங்கிய உரிமம் வேறு, விளையாட்டு வீரர் என்ற தகுதி வேறு. அந்தத் தகுதியை ஸ்கோர் மட்டும்தான் வாங்கித் தரும்.

அமெரிக்காவில் ஸ்போர்ட்டிங் க்ளே என்ற தட்டுப் போட்டியில் சுடுகிறவர்களுக்கு இ, டி, சி, பி, ஏ, டபுள் ஏ, மாஸ்டர் என்று வகுப்புகள் உண்டு. தன் வகுப்பில் ஜெயித்தால் 'பஞ்ச்' என்ற புள்ளி கிடைக்கும்; போதிய பஞ்ச் சேர்ந்ததும் மேல் வகுப்புக்கு ஏற்றிவிடுவார்கள். நம் நாட்டில் திறமைக்கான படி ஆயுத விதிகளிலேயே இருக்கிறது. கீழே 'ஜூனியர் டார்கெட் ஷூட்டர்' என்ற இளம் வீரர், 'ஆஸ்பைரிங் ஷூட்டர்' என்ற வளரும் வீரர். மேலே 'ரினௌண்ட் ஷாட்', அதாவது பெயர்பெற்ற வீரர்.

2016 ஆயுத விதிகளின்படி யார் ரினௌண்ட் ஷாட்? சர்வதேச விதிமுறைப்படி நடக்கும் தேசிய சாம்பியன்ஷிப்பில் பொதுப் பிரிவில் சுட்டு, இந்திய தேசிய ரைபிள் சங்கம் வகுத்த குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணை எட்டியவர். தகுதிச் சுற்று வழியாகப் போனாலும் சரி, வைல்ட் கார்டு என்ற சிறப்பு அனுமதியில் போனாலும் சரி. 'பொதுப் பிரிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பல பெற்றோர் ஜூனியர் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பதக்கம் வாங்காமல் போனாலும் பரவாயில்லை, அந்த மதிப்பெண் வேண்டும்.

அந்த மதிப்பெண் ஒரு தட்டில் கைவிட்டுப் போவதும் உண்டு. தெரிந்த தம்பி ஒருவன் ஸ்கோர் ஷீட்டைக் காட்டி, நாலாவது ரவுண்டில் ஒரு கட்டத்தை விரலால் தொட்டான். "அண்ணா, தூள் பறந்துச்சு, நானே பார்த்தேன்." தூள் பறந்தால் போதாதே. 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடையுள்ள அந்தத் தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டாவது உடைந்து விழ வேண்டும். வெறும் தூளுக்கு 'லாஸ்ட்'தான், அதாவது தவறிய தட்டுக் கணக்கு.

படி ஏறினால் என்ன கிடைக்கும்? சாதாரணக் குடிமகன் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை வெளியிட்ட அறிவிப்பின்படி அதற்கு மேல் ஜூனியர், ஆஸ்பைரிங் நிலையில் இருப்பவருக்கு, தான் சுடும் வகையில் 2. ஒரு போட்டிப் பிரிவில் ரினௌண்ட் என்றால் 8, இரண்டில் என்றால் 10, அதற்கும் மேல் என்றால் 12.

என்னைக் கேட்டால் துப்பாக்கி எண்ணிக்கையைவிடத் தோட்டாதான் பெரிய விஷயம். தட்டு சுடப் பயன்படுகிற ஷாட்கன் துப்பாக்கிக்கு ஒரு வருஷத் தோட்டா வரம்பு 500 ஆக இருந்ததை அதே அறிவிப்பு 5,000 ஆக்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ட்ராப் தகுதிச் சுற்றில் 125 தட்டு, ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம், ஆக ஒரு போட்டிக்கே 250 வரை போகும். பழைய வரம்பில் இரண்டு முழுப் போட்டிக்குத்தான் காணும். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது இதே ட்ராப்தான். அந்த உயரத்துக்கு வருஷம் இரண்டு போட்டித் தோட்டாவில் யாரால் பயிற்சி எடுக்க முடியும்?

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் படி எண்ணிக்கை வரம்பைத்தான் தளர்த்துகிறது, உரிமத்துக்கு மாற்று அல்ல. வாங்குகிற ஒவ்வொரு துப்பாக்கியும் உரிமத்தில் ஏற வேண்டும். நீலகிரிக்காரர்கள் அதற்கு ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும், முடிவதற்குள் புதுப்பித்துவிடுங்கள். ட்ராப்பில் எடுத்த மதிப்பெண்ணைக் காட்டி ஸ்கீட் என்ற இன்னொரு தட்டுப் போட்டிக்கும் சேர்த்துக் கேட்க முடியாது, பிரிவுக்குப் பிரிவு தனிக் கணக்கு.

அந்தத் தம்பியின் அம்மா ஸ்கோர் ஷீட், சான்றிதழ் எல்லாவற்றையும் ரேஷன் கார்டு வைக்கிற தகர டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறார். நல்ல பழக்கம். ஆனால் நம் மலையில் ஜூலை, ஆகஸ்டில் டப்பாவுக்குள் இருக்கிற காகிதம்கூடப் பூசணம் பிடிக்கும். ஒரு செட் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியே வையுங்கள்.