சிம்லாவில் பனியா, மழையா?

சனிக்கிழமை சிம்லா போகிறார்களாம். பனி விழும் என்று ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருக்கிறார்களே, நம்பலாமா என்று டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மேகம் வரும் என்பதை நம்பலாம். மால் ரோட்டில் விழப்போவது பனியா மழையா என்பதில்தான் வானிலையாளர்களுக்கே தூக்கம் கெடுகிறது.

முதல் பாதி சுலபம். குளிர்காலம் முழுக்க டெல்லி டிவியில் ‘பஸ்சிமி விக்ஷோப்’ என்கிறார்களே, அந்த மேற்கத்திய இடையூறு மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் முட்டும். முட்டிய ஈரக்காற்று மேலேறும், குளிரும், கொட்டும். அது வருவதைச் செயற்கைக்கோளும் கணினி மாதிரிகளும் நாலைந்து நாள் முன்பே காட்டிவிடும்.

சிக்கல் உயரத்தில். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அப்படியானால், கணிப்பில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் பனிக்கும் மழைக்குமான எல்லை 150 மீட்டர் ஏறியோ இறங்கியோ விடும். சிம்லாவுக்குப் பக்கத்தில், அதைவிட உயரத்தில் இருக்கும் குஃப்ரியில் வெள்ளை வெளேர், 2,200 மீட்டரில் இருக்கும் சிம்லாவில் வெறும் சேறு.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். குளிர்கால மலை மேகத்தில் பெரும்பாலும் எல்லாமே பனித்துகளாகத்தான் பிறக்கிறது. வழியில் உருகினால் மழை. ஆனால் விழுகிற பனி சும்மா விழுவதில்லை, தான் கடக்கும் காற்றையே குளிர்வித்துக்கொண்டு வருகிறது! கீழே காற்று வறண்டிருந்தால் துகளில் ஒரு பகுதி ஆவியாகும். அதற்கான வெப்பம் காற்றிலிருந்துதான் போக வேண்டும். மே மாதம் ஜில்லென்று வீசும் நம் வீட்டு ஏர் கூலர், ஜூலைப் புழுக்கத்தில் படுத்துவிடுகிறதே, அதே கணக்குதான். அதனால் வானிலையாளர் பார்ப்பது சாதா தெர்மாமீட்டரை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது நீர் ஆவியாகி ஆவியாகிக் காற்று எவ்வளவு வரை குளிர முடியுமோ அந்த அளவை. சிம்லாவில் 3 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் பூஜ்ஜியத்துக்கும் கீழே. பனிக்கு வாய்ப்புண்டு. அதே 3 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் குடைதான்.

சரி, காற்று ஈரத்தில் நிறைந்த பிறகு? அப்போது உருகுதல் வேலையைத் தொடரும். ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வேண்டும். முதலில் வந்த துகள்கள் உருகி, காற்றின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட, பின்னால் வருபவை அலுங்காமல் தரை சேரும். கனத்துக் கொட்டினால்தான் இது நடக்கும்; தூறலால் முடியாது. ஆக, எவ்வளவு கொட்டும் என்று தெரியாமல் என்ன கொட்டும் என்றும் சொல்ல முடியாது.

இந்த உருகல் ராடாரில் கண்ணுக்கே தெரியும். பாதி உருகிய துகளுக்கு மேலே நீர்ப்பூச்சு இருப்பதால், ராடார் அதை ராட்சச மழைத்துளி என்று எண்ணிவிடுகிறது. திரையில் பளிச்சென்று ஒரு பட்டை. அது நேரம் ஆக ஆகத் தரையை நோக்கி இறங்கினால், மழை பனியாக மாறப்போகிறது.

குஃப்ரியில் டாப்ளர் ராடார் வந்ததே 2021இல்தான். ஒரு மலை மறைத்தால் அடுத்த பள்ளத்தாக்கு ராடாருக்குத் தெரியாது; அங்கே தரையில் இருக்கும் கருவிகளைத்தான் நம்ப வேண்டும். பெரிய கணினி வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம். ஹிமாச்சலின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் ஒரு கருவியின் மேல் உறைந்த பனியைத் தட்டிவிடும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் யார் ரிப்பன் வெட்டுவார்கள்? என்னைக் கேட்டால் பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும். அப்புறம், வருஷாவருஷம் பஞ்சாங்கத்தில் மழைப்பலன் எழுதுகிறவர்கள் அந்த 150 மீட்டரையும் கணித்துக் காட்டட்டும், காசு கொடுத்து வாங்குகிறேன்.

மலைக்குப் போகாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஜனவரியில் டெல்லி ஆர்.கே. புரத்தில் ஒரு ராத்திரி மேகம் மூடி, குளிர் திடீரென்று விட்டுக்கொடுத்தால், இடையூறு பெரும்பாலும் தலைக்கு மேல் இருக்கிறது. அது நகர்ந்ததும் வானம் தெளிந்து, பனிமலைப் பக்கமிருந்து வடமேற்குக் காற்று இறங்கும். ரஜாயை, அதாங்க பஞ்சுப் போர்வையை, அதற்குள் வெயிலில் காயவைத்துவிடுங்கள்.