முதல் தட்டு எங்கே போனது?

முதன்முதலாக ஜமைக்கா நாட்டு ரெகே இசைத் தொகுப்பு ஒன்றைக் கேட்டபோது ஃபோன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அதே பேஸ் (தாழ்ந்த சுரம் வாசிக்கும் கிட்டார்), அதே டிரம்ஸ், அதே கிட்டார். மூன்றாவதும் அப்படியே. ரிப்பீட் அமுங்கியிருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். இல்லை. பாடகர் வேறு, வரிகள் வேறு, மெட்டும் வேறு. அடியில் ஓடுவது மட்டும் ஒன்றே.

ஜமைக்காவில் அந்த அடிக்கு ‘ரிடிம்’ என்று பெயர். ரிதம் என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது. ஆனால் வெறும் தாளத்தை அது குறிப்பதில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் வரிசையும் டிரம்ஸும் சேர்ந்ததுதான் ரிடிம். நம் பக்கம் மெட்டை வைத்துக்கொண்டு வரிகளை மாற்றுவோம். காவடிச்சிந்து மெட்டில் எத்தனை பாட்டுகள்! அங்கே தலைகீழ். மெட்டும் வரிகளும் போகும், அடி நிற்கும். தலைநகர் கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன் நிறுவனம் 1967-ல் பதிவு செய்த ‘ரியல் ராக்’ ரிடிமின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன. 1974-ல் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமை வைத்து ஒரு முழு ஆல்பத்தையே வெளியிட்டார். 2000-களில் தயாரிப்பாளர் டான் கார்லியோன் உருவாக்கிய ‘டிராப் லீஃப்’ ரிடிமில் ஜா க்யூர் ஒரு பாட்டு பாடினார், டி.ஓ.கே. குழுவினர் இன்னொன்று பாடினார்கள், இரண்டுமே பிரபலம். இன்றைய ரெகே தொகுப்புகள் பலவும் இந்த வழியில் வருபவைதான்.

ஒரே அடியைப் பத்துப் பதினைந்து தடவை கேட்டும் ஏன் சலிப்பதில்லை? எனக்குத் தெரிந்தவரை, பதில் அந்த அடியில் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கும் ஓட்டைகளில் இருக்கிறது.

முதல் ஓட்டை தாளத்தில். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். ராக் இசையிலும் சினிமாப் பாட்டிலும் ‘ஒன்று’ வரும்போது காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் தொம்மென்று விழும். ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் அந்த இடம் காலி. கிக் விழுவது மூன்றில்தான், கூடவே ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் குச்சி தட்டும் ‘டக்’. இரண்டிலும் நான்கிலும் கிட்டார் ‘சக், சக்’ என்று வெட்டி நிறுத்தும். அதை ஸ்கேங்க் என்பார்கள். இந்தத் தாளத்தை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனவர் பாப் மார்லியின் தி வெய்லர்ஸ் குழுவின் டிரம்மர் கார்ல்டன் பாரெட்.

நம் மூளை தாளத்தைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அடுத்த தட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. கணக்கு சரியாக வந்துகொண்டே இருந்தால் அலுத்துவிடும். வரவே வராவிட்டால் தொலைந்துபோவோம். மரியா விட்டெக்கும் சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 50 டிரம் துண்டுகளைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். தட்டுகள் இடம் மாறி விழுவது மிகக் குறைவாகவும் இல்லாமல் மிக அதிகமாகவும் இல்லாமல் நடுத்தரமாக இருந்தபோதுதான் ஆடவேண்டும் என்ற துடிப்பு அதிகம் எழுந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஃபங்க் வகைத் தாளங்கள். ஆனாலும் ஒன் டிராப் இந்த விளக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது: காலியான முதல் தட்டை நம் தலையோ காலோ தானே போட்டு நிரப்பிவிடுகிறது. கச்சேரியில் பாட்டு சமத்தை, அதாவது தாளத்தின் முதல் தட்டைத் தாண்டி அனாகதமாக எடுக்கும்போது தொடையில் தாளம் போடுகிறவருக்கு வருகிற சுகமும் கிட்டத்தட்ட இதுதான்.

சரி, பேஸுக்கு வருவோம். ரெகேயின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். இவ்வளவு நீளமான அலைக்குச் சுவரும் தெருமுனையும் பெரிய தடையே இல்லை, வளைந்து போய்விடும். இரண்டு தெரு தள்ளி நடக்கும் விழாவிலிருந்து பேஸ் மட்டும் நம் வீட்டுக்குள் வருவது இதனால்தான்.

ஆனால் அதை உரக்க எழுப்புவது லேசான வேலை இல்லை. மனிதக் காது தாழ்ந்த சுரங்களுக்கு மந்தமானது. 1933-லேயே ஃப்ளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, ஒரு சுரத்தின் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே ஒலி அழுத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 1950-களிலிருந்து கிங்ஸ்டன் தெருக்களில் லாரியில் வந்து இறங்கிய, பாட்டுப் போட்டு ஆடவைக்கும் சவுண்ட் சிஸ்டங்கள் அலமாரி உயரத்துக்கு ஏன் இருந்தன என்பது இப்போது புரியும். பந்தா ஒரு பக்கம், இயற்பியல் ஒரு பக்கம்.

ஃபோனின் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. பிறகு என் ஃபோனில் எப்படி பேஸ் கேட்டது? தந்தி அதிரும்போது 41 உடன் 82, 123, 164 என்ற மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஸ்பீக்கர் மேலே உள்ள மடங்குகளை மட்டும் தந்தாலும், இவற்றுக்கெல்லாம் பொதுவான அடிச்சுரம் 41 என்று மூளை கணித்து, இல்லாத சுரத்தை இருப்பதுபோல் கேட்டுக்கொள்கிறது. காதுக்கு அது போதும், நெஞ்சுக்குப் போதாது. பெரிய பெட்டிக்கு முன்னால் நின்றால் விலா எலும்பு அதிரும். 2022-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கனடாவில் ஓர் எலெக்ட்ரானிக் இசை நிகழ்ச்சியில், காதுக்குத் தெரியாத அளவு தாழ்ந்த அதிர்வுகளை அவ்வப்போது போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். போட்ட நேரங்களில் கூட்டம் சுமார் 12 சதவீதம் அதிகமாக ஆடியது. அதிர்வு இருந்ததா இல்லையா என்பது ஆடியவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரே ரிடிம் ஏன் அலுக்கவில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் வேறோர் ஆய்வில் இருக்கிறது. ஒரு தாழ்ந்த சுரத்தையும் ஓர் உயர்ந்த சுரத்தையும் ஒன்றாக ஒலிக்கவிட்டு, எப்போதாவது ஒன்றை மட்டும் 50 மில்லி நொடி முந்தவிட்டார்கள். தாழ்ந்தது முந்தியபோதே மூளை பலமாக எதிர்வினை காட்டியது. மெட்டு மாற்றம் என்றால் நிலைமை வேறு. அதை மூளை மேல்சுரத்தில்தான் எளிதாகக் கண்டுபிடிக்கிறது. அதாவது நேரத்தைக் கீழே பார்க்கிறோம், மெட்டை மேலே பார்க்கிறோம். கீழே கடிகாரம் மாறாமல் ஓட, மேலே குரலும் மெட்டும் புதிதாக வந்தால் நமக்கு அது புதுப்பாட்டு.

குரலுக்கு அந்த இடம் தானாகக் கிடைப்பதில்லை. பலமான தாழ்ந்த ஒலி, உட்காதில் பரவும் விதத்தால், தனக்கு மேலே உள்ள ஒலிகளை அமுக்கிவிடும். அதனால் ரெகே பேஸில் கூர்மையைக் குறைத்து உருண்டையாக்குவார்கள். கிட்டாரில் கீழ்ப்பகுதியை வெட்டி ஒல்லியாக்குவார்கள், தட்டிய கணமே கையால் தந்தியை அமுக்கியும் விடுவார்கள். நடுவில் ஒரு பெரிய திண்ணை காலியாகக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பாடலாம்.

அந்தக் காலி இடத்தில் விளையாடியவர் கிங் டப்பி. கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்த்தவர். 1970-களின் தொடக்கத்தில், முடிந்த பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, மிச்சத்தை எக்கோவில் மிதக்கவிட்டார். டப் இசை அப்படித்தான் வளர்ந்தது. அன்றைய எக்கோவின் தந்திரம் எளிது: ஒரு காந்தத் தலை ஒலியை டேப் நாடாவில் பதிக்கும், சற்றுத் தள்ளி இன்னொரு தலை படிக்கும். நாடா நொடிக்கு 19 செ.மீ. ஓடி, தலைகளுக்கு நடுவே 5 செ.மீ. இருந்தால் கால் நொடி கழித்து ஒலி திரும்ப வரும். வந்ததை மறுபடி உள்ளே அனுப்பினால் அடுக்கடுக்காகத் தொடரும். ஒவ்வொரு சுற்றிலும் நாடா கொஞ்சம் கூர்மையைத் தின்றுவிடுவதால், எக்கோ தூரத்தில் கரைவதுபோல் மங்கும். இப்போது கம்ப்யூட்டரில் துளியும் தேயாத எக்கோ கிடைக்கிறது. ஆனால் பழைய நாடாவின் தேய்மானத்தை அப்படியே நடிக்கிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

இம்மாதிரித் தொகுப்புகள் பலவற்றின் கடைசியில் பாடகரே இல்லாத ஒரு ‘வெர்ஷன்’ வரும். நான் கேட்டதிலும் வந்தது. வெறும் பேஸ், டிரம்ஸ், வெட்டி நிறுத்தும் கிட்டார். அரை நிமிடம் போன பிறகுதான் கவனித்தேன்: இரண்டு பாட்டுக்கு முன்னால் பாடியவரின் மெட்டை நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.