சிவப்பு எங்கே தொடங்குகிறது?

சூடான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் என்ற வண்ண மீனை வளர்க்கும் ஒருவர் சமீபத்தில் என்னைக் கூப்பிட்டார். தொட்டியில் தண்ணீர் 29 டிகிரி. புதிதாக விட்ட இருபது கார்டினல் டெட்ராக்களில் (நீலக் கோடும் சிவப்புப் பட்டையும் கொண்ட சின்ன மீன்கள்) தினமும் ஒன்றிரண்டு சாகின்றன என்றார். இந்த வகை மீன்களின் நிறத்தை வெளுக்க வைக்கும் நியான் நோய் என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்குமோ என்று பயந்து இரண்டு மருந்துகளை ஊற்றியும் பார்த்திருந்தார்.

குனிந்து கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். செவுளுக்குப் பின்னால் வயிறு முழுக்க வெள்ளி நிறம். உடம்பின் நடுவில்தான் சிவப்பு தொடங்கி வால் வரை போகிறது. கார்டினலுக்கு இந்தச் சிவப்பு தலைக்குப் பின்னாலிருந்தே வயிற்றோடு ஓடும். அவர் வாங்கியது கார்டினலைப் போலவே தோன்றும் நியான் டெட்ரா. நோயின் அடையாளம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நியானுக்கு 21 முதல் 25 டிகிரிதான் சுகம், 29 டிகிரியில் அது நாளுக்கு நாள் தளர்ந்துபோகும். கார்டினல் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும்.

இந்தக் குழப்பத்துக்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். கார்டினலை எங்கே வைப்பது என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. கார்டினலுக்கு 1956 பிப்ரவரியில், ஒரே ஒரு நாள் இடைவெளியில், இரண்டு தரப்பு அறிஞர்கள் இரண்டு பேரினங்களில் வைத்துப் பெயரிட்டார்கள். முந்தி வந்த இனப்பெயர் நிலைத்தது, ஆனால் பேரினம் பிறகு மாறிவிட்டது. இன்று அது நியானோடு ஒரே பேரினத்தில் இருக்கிறது.

நிறத்தின் அடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள். நீலக் கோடு சாயம் கிடையாது; தோல் செல்களில் அடுக்கி நிற்கும் மெல்லிய படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பியனுப்புவதால் தெரிவது. விளக்கை அணைத்தால் மங்கும், பயந்தால் மங்கும். பயணப் பையிலிருந்து அப்போதுதான் இறங்கிய மீனுக்குச் சிவப்பும் வெளுத்திருக்கும். விளக்கு போட்டு அரை மணி நேரம் பொறுத்து, பக்கவாட்டில் பாருங்கள். நிறம் கூடும், குறையும்; கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மாறாது.

அப்புறம் பச்சை நியான் என்று மூன்றாவது ஒன்று உண்டு. இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாத குட்டி மீன். அதன் நீலப்பச்சைக் கோடு வாலின் அடி வரை நீளும், சிவப்பு லேசாகத்தான் இருக்கும். நியானின் நீலமோ முதுகின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்போடு நின்றுவிடும். குஞ்சாக இருக்கும்போது வாங்கினால் நீலம் எங்கே முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அவரிடம் மிச்சமிருந்த பதினோரு மீன்களை மருந்தில்லாத வேறொரு தொட்டிக்கு மாற்றி, மெதுவாக 24 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். அடுத்த வாரம் ஒன்றுகூடச் சாகவில்லை.