வெப்பத் தடுப்பு பெயிண்டா, வெப்பக்காப்பா?

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், வேலூர் பெயிண்ட் கடைகளில் ‘வெப்பத் தடுப்பு பெயிண்ட்’ என்ற பேச்சு வந்துவிடுகிறது. மொட்டை மாடிக்கு மட்டும் என்றால் சரி. இப்போது படுக்கையறையின் உள்சுவருக்கும் அதையே அடிக்கச் சொல்கிறார்கள். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் மேற்குப் பார்த்த அறை உள்ளவர்கள் நம்பி வாங்குகிறார்கள். சொல் தவறாக இருப்பதால்தான் பூச்சும் தவறான இடத்துக்குப் போகிறது.

‘தடுப்பு’ என்று தமிழாக்கிய ஆங்கில மூலச்சொல் இன்சுலேஷன். லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. சுற்றியுள்ளதிலிருந்து பிரித்து வைப்பது என்று பொருள் விரிந்து மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் வந்தது. இதை வைத்து ‘தனிமைப்படுத்தும் பெயிண்ட்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதை விட்டுவிடலாம்.

‘தடுப்பு’ என்பதை அப்படிக் கண்டுகொள்ளாமல் விட முடியாது, அது பரவிவிட்டது. தடுப்பு என்றால் நிறுத்துவது. பாலாற்றில் தடுப்பணை கட்டினால் தண்ணீர் நிற்கிறது. வெப்பத்தை அப்படி எந்தப் பொருளும் நிறுத்தாது. அது கடக்கும் வேகத்தைத்தான் குறைக்கும். அதற்கான சொல் ‘காப்பு’. கா என்ற வினையிலிருந்து வந்தது. ஆடியில் அம்மன் கோயிலில் கட்டுவது காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடுவது காப்பு, ஒயருக்கு மேலே இருக்கும் உறை மின்காப்பு. ஆகவே வெப்பக்காப்பு. ‘காப்பு என்றால் வளையல் என்று நினைத்துக்கொள்வார்கள், தடுப்புதான் எளிது’ என்கிறார்கள். மின்காப்பை யார் வளையல் என்று நினைத்தார்கள்? எளிமை என்ற பெயரில் பொய்யான உறுதி தரும் சொல்லை விற்கக்கூடாது.

அப்புறம், அந்த டின்னில் இருப்பது வெப்பக்காப்பும் இல்லை. காப்புக்குக் கனம் வேண்டும். இரண்டு கோட் அடித்தாலும் காய்ந்தபின் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்கூட வராது. அதில் கலந்த நுண்ணிய உள்ளீடற்ற உருண்டைகள் தெர்மோகோல் அளவுக்கு வேலை செய்வதாகவே வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏற்கெனவே தருகிற காப்போடு முப்பதில் ஒரு பங்குகூட அது சேர்க்காது.

அது செய்யும் உண்மையான வேலை வெயிலைத் திருப்பி அனுப்புவது. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்தபோதும் அதுதான் நடந்தது. உள்சுவரில் வெயிலே விழுவதில்லை, எதைத் திருப்பும்? மேற்குச் சுவர் மாலைக்குள் வெளிப்பக்கமாக வெப்பத்தை வாங்கி முடித்து, இரவெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவராக இருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். ஈரம் வெளியேற விடாத பூச்சு என்றால் ஓதம் உள்ளேயே நின்று பெயிண்ட் கொப்பளித்து உரியும்.

ஆகவே அதன் பெயர் ‘வெயில் எதிரொளிப்புப் பூச்சு’. இந்தப் பெயரைக் கேட்டாலே வெயில் படும் இடத்துக்கு உரியது என்று வாங்குகிறவருக்குப் புரிந்துவிடும். டின்னுக்கும் துண்டறிக்கைக்கும் தமிழ் எழுதித் தருகிற மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துப் போடுகிறார்கள். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பெயிண்டரிடமாவது கேட்பதில்லை. அகராதியை மூடிவிட்டு அதை முதலில் கேளுங்கள். பிறகு பெயருக்குக் கீழே ‘மாடித் தளத்துக்கும் வெளிச்சுவருக்கும் மட்டும்’ என்று ஒரு வரி சேருங்கள்.