பெரிய காலாவை விட்டுவிடுங்கள்

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்கு, வாடைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் போயிருந்தேன். முகத்துவாரத்து மணலில் மூன்று இளைஞர்கள் நின்றிருந்தார்கள். மதுரையிலிருந்து இரவோடு இரவாக பைக்கில் வந்தவர்கள். ஒருவர் கையில் காலா மீன், முக்கால் மீட்டருக்குக் குறையாது. வெயில் பட்டு வெள்ளித் தகடு மாதிரி மின்னியது. ஐந்து வருடமாகத் தூண்டில் போடுகிறாராம், இதுதான் கிடைத்ததிலேயே பெரியதாம். மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

நான் மீன்வளம் படித்தவன். பதினான்கு வருடமாக ஏலம் போடும் இடங்களில் மீனின் நீளத்தையும் எடையையும் அளந்து, வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று குறிப்பெடுப்பதுதான் என் வேலை. அதைச் சொன்னதும், "அப்ப நீங்களே அறுத்துக் குடுங்க சார்" என்று கத்தியை நீட்டினார்.

கீறினேன். உள்ளே இரண்டு சினைப்பைகள், வயிறு கொள்ளாமல். மஞ்சள் நிறம். விரலால் தொட்டால் ரவை மாதிரி நெருநெருவென்று இருந்தது. இன்னும் சில நாளில் முட்டையிட்டிருக்கும்.

"பெரிய காலா எல்லாமே பொட்டை மீன்தானா சார்?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் ஆமா தம்பி. இதுவும் சின்னதா இருந்தப்ப ஆணாத்தான் இருந்திருக்கும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த பல பேருக்கும் இது தெரியாது. காலா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. ஓரிரு வருடம் ஆணாக இருந்து, வளர வளரப் பெண்ணாக மாறுகிறது. மாறும் பருவத்து மீனை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒரே உறுப்பில் ஆண் திசுவும் பெண் திசுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அப்படியென்றால் ஒரு முகத்துவாரத்தில் இருக்கும் பெரிய காலாக்கள்தான் அந்த இடத்தின் தாய்மார்கள். சின்னதுகளை மட்டும் விட்டுவிட்டுப் பெரியதுகளை எல்லாம் எடுத்தால் மிஞ்சுவது ஆண்கள் மட்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். முட்டையின் எண்ணிக்கையும் உடம்போடு சேர்ந்து அந்த வேகத்தில் ஏறும். ஒரு பெரிய தாய்க்குப் பதில் இரண்டு சின்னத் தாய் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கணக்கு உதைக்கும்.

சென்னை ஓட்டல்களில் இதே காலாவை 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்கள். உண்மையான சால்மனுக்கும் இதற்கும் உறவே கிடையாது. சால்மன் குளிர்நாட்டு மீன், ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வரும். நம் காலா கலங்கல் தண்ணீரில், சேற்றுத் தரையை ஒட்டி இரை தேடும் மீன். கையில் எடுத்தால் பக்கத்துடுப்புக்குக் கீழே பக்கத்துக்கு நான்கு மெல்லிய இழைகள் தொங்கும், பாருங்கள். கண் தெரியாத கலங்கலில் அந்த இழைகளால் தடவித்தான் இறாலைக் கண்டுபிடிக்கிறது. சேறும் ஆழமின்மையும் உள்ள வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், அதற்குத் தோதான இடம்.

பெயரில் மட்டும் சொந்தமான அந்த சால்மனின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அட்லாண்டிக் சால்மன் 2006-க்கும் 2020-க்கும் இடையில் உலக அளவில் 23 சதவீதம் குறைந்ததாக இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐ.யூ.சி.என். 2023-ல் அறிவித்தது. அணைகள், ஆற்று மாசு, பண்ணை மீன்களிலிருந்து பரவும் பேன், சூடாகும் தண்ணீர் என்று காரணங்கள் பல. அந்த நாடுகளில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கனடாவின் கிழக்குக் கரையோர மாகாணங்களில் 1984-லேயே, 63 செ.மீ. நீளமோ அதற்கு மேலோ உள்ள சால்மன் தூண்டிலில் மாட்டினால் திரும்ப விட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. கவனியுங்கள், அவர்கள் விடச் சொன்னது பெரியதை. ஸ்காட்லாந்தில் இன்று தூண்டிலில் பிடிபடும் சால்மனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆற்றுக்கே திரும்பிப் போகிறது.

ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் அட்லாண்டிக் சால்மன் இருப்பது 'ஆபத்தை நெருங்குபவை' என்ற வரிசையில். நம் காலா இருப்பது அதைவிட மோசமான 'அழியும் ஆபத்தில் உள்ளவை' வரிசையில். இது தெரிந்த நாளிலிருந்து ஏலக் கூடையில் பெரிய காலாவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

"விசைப்படகு டன் கணக்குல அள்ளுது, நாங்க புடிக்கிற ஒண்ணு ரெண்டுலயா கொறைஞ்சிடும்?" பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. நியாயமான கேள்விதான். அளவில் பார்த்தால் விசைப்படகின் இழுவலைக்குப் பக்கத்தில் தூண்டில் நிற்கவே முடியாது. கடலோரம் அழிவதற்கும் பெரிய காரணம் தூண்டில் இல்லை. ஆனால் இழுவலை வர முடியாத இடங்களில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். முகத்துவாரம், பார் (கடலடிப் பாறைத் திட்டு) ஓரம், பாலத்துத் தூண் அடி. பெரிய மீன் ஒதுங்க மிச்சமிருக்கும் இடங்கள் அவைதான். அங்கே போய்ப் பெரியதாகப் பார்த்துப் பிடிக்கிறது உங்கள் தூண்டில். அப்புறம், நாட்டுப்படகுக்காரருக்கு அந்த மீன் அன்றைய அரிசி. உங்களுக்கு அப்படி இல்லை. விட்டுவிடும் வசதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் இனம் பெருகட்டும் என்று. அந்த இரண்டு மாதம் ராடை, அதாவது தூண்டில் கோலை, மூலையில் சாத்திவைக்கும் சில நண்பர்கள் கீழக்கரையில் இருக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களாகவே எடுத்த முடிவு.

கொடுவாவும் காலா மாதிரியே, முதலில் ஆண், பெருத்தபின் பெண். தென்கடலின், அதாவது மன்னார் வளைகுடாவின், பார்களில் இருக்கும் கலவாவுக்கு இது தலைகீழ். முதலில் பெண்ணாக முட்டையிட்டு, வளர்ந்தபின் சில மட்டும் ஆணாகும். பெரிய கலவாவை எடுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பாரில் ஆணே இல்லாமல் போகும். எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிய மீனில்தான் வந்து நிற்கிறது. ஆளுயரத்துக்கு மேல் வளரும் ராட்சதக் கலவாவை 2001-லேயே காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது மாட்டினால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே விட வேண்டும்.

சரி, எப்படி விடுவது? பலர் விடுவதாக நினைத்துக்கொண்டு கொல்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீனை மணலில் இழுத்துப் போடாதீர்கள். மீன் உடம்பின் மேல் இருக்கும் வழுவழுப்புதான் நோய் தொற்றாமல் காக்கும் அதன் தோல் கவசம். சூடான மணல் அதை உரித்துவிடும். செவுளுக்குள் மணல் புகுந்தால் மூச்சும் போகும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நீங்கள் இறங்கி நில்லுங்கள், மீன் வெளியே வர வேண்டாம். தொடும் முன் கையை நனையுங்கள், காய்ந்த துண்டால் பிடிக்காதீர்கள்.

தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் அந்தச் சின்ன எதிர்முனையை, தூண்டில் போடும் முன்பே பிளேயரால் நசுக்கி விடுங்கள். மீன் தப்பிவிடும் என்று பயப்பட வேண்டாம், நரம்பு (தூண்டில் இழை) தொய்யாமல் சுற்றினால் தப்பாது. கழற்றுவது ஒரே நொடி வேலையாகிவிடும். உயிர் இரை போடுகிறவர்கள் நுனி உள்பக்கம் வளைந்த வட்டமுள் வாங்குங்கள். அதில் மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, சீராகச் சுற்றினாலே வாயோரத்தில் போய் மாட்டும். சாதா முள்ளை மீன் தொண்டைக்குள் விழுங்கிவிடும். அப்படி விழுங்கிவிட்டால் தோண்டாதீர்கள், வாயருகில் நரம்பை அறுத்துவிட்டு மீனை விடுங்கள். தோண்டியெடுத்தால் குடல்தான் வரும்.

மெல்லிய நரம்பில் பெரிய மீனை அரைமணி நேரம் விளையாட்டுக் காட்டுவதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். நம் கடல் சூடான கடல், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அரைமணி போராடிய மீன் நீந்திப் போவது மாதிரி போகும், கண் மறைந்ததும் செத்து அடியில் கிடக்கும். தடித்த நரம்பு போட்டுச் சீக்கிரம் கொண்டுவாருங்கள்.

படம் வேண்டுமா? முதலில் செல்போனைத் தயாராக வைத்துக்கொண்டு, பிறகு மீனைத் தூக்குங்கள். ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்கடியில், மீன் படுத்த வாக்கில். தாடையில் பிடித்துத் தொங்கவிட்டால் அதன் முழு எடையும் கழுத்தெலும்பில் இறங்கும். தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டும்போது மீன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

விடும்போது தூக்கி எறியாதீர்கள். நீரோட்டத்துக்கு எதிரே முகம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். அதுவாக வாலை உதறிக் கையைவிட்டுப் போகும்வரை பொறுங்கள். பாலத்தின் மேலிருந்து தூண்டில் போட்டால் இதில் எதுவுமே நடக்காது. தூக்கும்போதே வாய் கிழியும், அவ்வளவு உயரத்திலிருந்து வீசினால் தண்ணீரே கல் மாதிரி அடிக்கும்.

தென்கடலில் தீவுகளைத் தாண்டி ஆழத்தில் கலவா, விளமீன் பிடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மேலே வந்த மீனின் வாயில் பை மாதிரி ஏதோ துருத்திக்கொண்டு, கண் பிதுங்கி இருக்கும். இரையை விழுங்கியிருக்கிறது என்று நினைத்து அதைக் குத்தி விடுகிறார்கள். அது அதன் இரைப்பை. ஆழத்தில் அழுத்தம் அதிகம், மேலே வர வர உள்ளே இருக்கும் காற்றுப்பை உப்பி இரைப்பையை வெளியே தள்ளுகிறது. அப்படியே விட்டால் மீன் மிதக்கும், கடற்பறவை கொத்தும். ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, விளிம்பில் ஈயம் கட்டி, நடுவில் கயிறு போட்டு, மீனை அதற்குள் வைத்து இறக்குங்கள். கீழே போகப் போகக் காற்று சுருங்கி, மீன் தானாக நீந்தி வெளியேறும். பாம்பனில் ஒரு வல்லத்தில் (நாட்டுப்படகில்) இதை முதன்முதலாகச் செய்து காட்டியபோது, அறுபது வயது தாண்டிய சம்மாட்டி, அதாவது படகுக்குச் சொந்தக்காரர், கயிற்றைக் கையில் பிடித்தபடி, "போயிருச்சு தம்பி, கயித்துல தெரியுது" என்றார்.

தீவுகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்குவதும் அங்கே மீன் பிடிப்பதும் குற்றம். கூடப் பணம் கொடுத்து வல்லக்காரரை அழைத்துப் போகச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், அவருடைய வல்லம் நிற்கும்.

அறுந்த தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பை) அப்படியே போட்டுவிட்டு வராதீர்கள். ஆமையின் துடுப்பில் அது சுற்றிச் சதையை அறுத்திருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆவுளியா எனும் கடற்பசு மேயும் கடற்புல் திட்டுகளிலும் அது போய்ச் சிக்கும். பையில் ஒரு தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால் அதற்குள் அடைத்துக்கொண்டு வரலாம்.

ஆற்றங்கரையில் பார்த்த அந்தத் தம்பி அன்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். இப்போது ராடின் கைப்பிடியிலிருந்து மேலே செ.மீ. டேப் ஒட்டி வைத்திருக்கிறார். மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்காமல், பக்கத்தில் ராடை வைத்து அளந்து, தேதி, இடம், நீளம், விட்டாரா எடுத்தாரா என்று எனக்கு அனுப்புகிறார். முகத்துவாரத்தில் எந்த மாதம் எந்த அளவு மீன் நிற்கிறது என்பது ஏலக் கூடையிலிருந்து எனக்குக் கிடைக்காத தகவல். நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பக்கத்தில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்திலோ மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி செய்கிறவர்களிடமோ காட்டுங்கள். போன வாரம் அவரிடமிருந்து வந்தது இது: "ஆற்றங்கரை, காலை 6.10, காலா, 81 செ.மீ., வயிறு உப்பி இருந்துச்சு, விட்டாச்சு சார்."