பண்டிகைக் குக்கீ கொடுக்கிறீர்களா? உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்

போன வாரம் இரவு எட்டரை மணி இருக்கும். ஆறு வயதுப் பெண் குழந்தையை அவள் அப்பா தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உதடு வீங்கியிருந்தது. கழுத்து முழுக்கத் தடிப்பு. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது. வால்நட் ஒவ்வாமை உள்ள குழந்தை, இரண்டு வருடமாக என்னிடம்தான் பார்க்கிறார்கள். பண்டிகைக்காகப் பக்கத்து வீட்டில் சுட்டுக் கொடுத்த குக்கீயில் பாதியைத் தின்றிருக்கிறாள். அவள் அம்மா விசாரிக்காமல் கொடுத்துவிடவில்லை. "இதில் நட்ஸ் ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லவே இல்லை, பாப்பாவுக்காகவே தனியா செஞ்சது" என்று பதில் வந்திருக்கிறது.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. அந்த மாவில் வால்நட் போடவில்லைதான். ஆனால் அதற்கு முந்தைய ஈடு வால்நட் குக்கீ. அதே கிண்ணம், அதே கரண்டி, அதே ட்ரே. ஆறியதும் இரண்டையும் ஒரே டப்பாவில் அடுக்கியிருக்கிறார், நடுவில் ஒரு தாளை மட்டும் வைத்து.

குழந்தை நலமாக இருக்கிறாள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு சீரானது. இரவு முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுக் காலையில் அனுப்பினோம்.

மறுநாள் அந்த அக்கா குழந்தையைப் பார்க்க வந்து அழுதார். அழுகைக்கு நடுவே ஒரு கேள்வி கேட்டார்: "180 டிகிரியில் வெந்ததே டாக்டர், அந்தச் சூட்டில் ஒட்டியிருந்த தூளெல்லாம் செத்துப் போயிருக்காதா?" ஒவ்வொரு பண்டிகைக்கும் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கேட்கிறார். படித்தவர்கள் கேட்கிறார்கள், நன்றாகச் சமைப்பவர்கள் கேட்கிறார்கள். இனியும் ஒவ்வொருவருக்காக வராந்தாவில் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

செத்துப் போகாது. உயிர் இருந்தால்தானே சாகும்? கிருமிக்கு உயிர் உண்டு, அதனால் சூட்டில் சாகும். நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து "நன்றாக வேகவை, கொதிக்கவை" என்று கேட்டு வளர்ந்தது கிருமிக்காக. அதே பாடத்தை ஒவ்வாமைக்கும் பொருத்திப் பார்க்கிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. வால்நட்டிலும் முந்திரியிலும் வேர்க்கடலையிலும் ஒவ்வாமையைத் தூண்டுவது புரதம். அந்த விதை, முளைக்கும் காலத்துக்காகச் சேமித்து வைத்திருக்கும் புரதம். அதில் சில வகைகள் மிகவும் கெட்டியானவை. ஓவன் சூட்டையும் தாங்கும், வயிற்று அமிலத்தையும் தாங்கும். சூட்டில் புரதத்தின் மடிப்பு கொஞ்சம் அவிழலாம். ஆனால் ஒவ்வாமை உள்ளவரின் உடம்பு அடையாளம் கண்டு பாய்வது அதிலுள்ள சின்னச் சின்னத் துண்டுகளை. அவை அப்படியே இருக்கும்.

வேர்க்கடலை விஷயத்தில் கதை இன்னும் மோசம். கடலையை வறுக்கும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகின்றன, வறுத்த வாசனை வருவதே அதனால்தான். அப்படிப் பழுப்பான புரதம் சில நேரம் பச்சைக் கடலையைவிட வலுவாக ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஆக, "நல்லா வறுத்துத்தான் போட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு நிம்மதி வராது, பயம்தான் வரும்.

இன்னொன்று. ஓவனின் முள் 180-ல் நிற்கிறது என்பதற்காகக் குக்கீயின் நடுப்பகுதியும் 180-க்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மெத்தென்று இருக்கும் குக்கீ என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது என்றுதானே பொருள்?

பால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர் இங்கே என்னைத் தடுத்துக் கேட்பார்கள். "எங்கள் பிள்ளை கேக்கில் முட்டை இருந்தால் சாப்பிடுகிறானே?" உண்மைதான். பால், முட்டைப் புரதங்களில் ஒரு பகுதி சூட்டில் நன்றாக மாறிவிடும், அதுவும் மாவோடு கலந்து வெந்தால். அந்தக் குழந்தைகளில் பலருக்கு நன்றாக வெந்த கேக் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அதை நாங்கள் சோதித்துப் பார்ப்பது மருத்துவமனையில், ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கமாக 180 டிகிரியில் அரை மணி நேரம் வெந்த மஃபினைக் கொண்டு. பத்தே நிமிடத்தில் எடுத்துவிடும் குக்கீ அந்த மஃபின் ஆகாது. மஃபின் ஒத்துக்கொண்ட குழந்தைக்கு மேலே முட்டை வெள்ளைக்கரு ஐசிங் தடவிய குக்கீயைக் கொடுத்து, ராத்திரி ஓடி வந்தவர்களும் உண்டு.

சூட்டுக்கு அடுத்து நான் அடிக்கடி கேட்பது, "துளியூண்டுதானே?" 1902-ல் போர்ட்டியே, ரிஷே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடல் அனிமோன் என்ற கடல் உயிரியின் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவு கொடுத்தபோது நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்தது. உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமையைக் குறிக்கும் அனாஃபிலாக்சிஸ் என்ற சொல்லே அப்போது பிறந்ததுதான். ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. போன முறை சும்மா அரிப்போடு போய்விட்டது என்பதற்காக இந்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்பவர்கள் தயவுசெய்து குழந்தையிடமிருந்து தள்ளியே இருங்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே வேர்க்கடலையைப் பக்குவமாகக் கொடுக்க ஆரம்பித்தால் பின்னால் கடலை ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைகிறது என்று 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் அது ஒவ்வாமை வராமல் தடுப்பது பற்றியது. வந்துவிட்ட குழந்தைக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்து, மாதக்கணக்கில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் சிகிச்சை தனியே இருக்கிறது. பாட்டி ஆசையாக ஊட்டிவிடும் ஒரு குக்கீத் துண்டு அந்தச் சிகிச்சை ஆகாது.

சரி, குக்கீயே செய்யக் கூடாதா? செய்யுங்கள். பண்டிகைக்குக் கையால் செய்து நாலு வீட்டுக்குக் கொடுப்பது எவ்வளவு நல்ல பழக்கம்! கூடவே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். மாவு, வெண்ணெய், முட்டை, எசன்ஸ், மேலே தூவியது, எல்லாவற்றையும் எழுதுங்கள். "நட்ஸ்" என்று பொதுவாக எழுதாமல் வால்நட், பாதாம், முந்திரி என்று பெயரைச் சொல்லி எழுதுங்கள். வேர்க்கடலை, பயறு வகையைச் சேர்ந்தது, கொட்டை வகை இல்லை. அதனால் "நட்ஸ் இல்லை" என்று ஒருவர் மனதாரச் சொல்லும் டப்பாவில் பீனட் பட்டர் இருக்கும். முந்திரிக்கு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. வால்நட்டுக்கும் பெக்கானுக்கும் அதே உறவு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டு "மாற்றிவிட்டேன்" என்று சொல்லாதீர்கள்.

எள்ளையும் மறக்காதீர்கள். அமெரிக்காவில் பாக்கெட்டில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருளாக 2023 ஜனவரி முதல் எள் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் அந்தப் பட்டியலில் 14 பொருள்கள் இருக்கின்றன. கடைப் பாக்கெட்டில் எழுதச் சட்டம் இருக்கிறது. நீங்கள் ரிப்பன் கட்டிக் கொடுக்கும் டப்பாவுக்கு உங்கள் சீட்டு மட்டும்தான் இருக்கிறது.

"ஆரோக்கியமான" குக்கீ செய்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. க்ளூட்டன் இல்லாத குக்கீ என்றால் கோதுமைக்குப் பதில் பாதாம் மாவு போடுவது ரொம்பச் சகஜம். வீகன் குக்கீ என்றால் வெண்ணெய்க்குப் பதில் முந்திரி அரைத்த விழுது. ஒரு ஒவ்வாமைக்காரருக்கு நல்லது செய்யப் போய் இன்னொருவரை ஆபத்தில் தள்ளுகிறீர்கள். க்ளூட்டன் இல்லாதது என்பதை நட்ஸ் இல்லாதது என்று வாங்குபவரும் நினைத்துக்கொள்கிறார், கொடுப்பவரும் நினைத்துக்கொள்கிறார்.

செய்யும் முறைக்கு வருகிறேன். நட்ஸ் இல்லாத ஈட்டை முதலில் சுடுங்கள். மூடி வைத்து, பேர் எழுதி, சமையலறையை விட்டே வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் நட்ஸைத் தொடுங்கள். மரக்கரண்டி, கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிண்ணம், சல்லடை இவற்றை எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் தங்கும், அதனால் வேறு எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் போன மாதம் அரைத்த பாதாம்கூட இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் ஜெல் தேய்த்துக்கொள்வது கிருமிக்கு ஆகும், கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. வெறும் தண்ணீரும் போதாது. இவ்வளவையும் செய்ய முடியாவிட்டால் சீட்டில் "நட்ஸ் புழங்கிய சமையலறையில் செய்தது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போன வாரம் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு அன்றிரவு ஊசி தேவைப்பட்டிருக்காது.

ஒவ்வாமைக்குச் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களையும் இதோடு சொல்லிவிடுகிறேன், பண்டிகைக் காலத்தில் இவையும் வருகின்றன. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த குக்கீ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நரம்பை முடக்கும் நோயைத் தரும் கிருமியின் வித்து, குக்கீ வேகும் சூட்டில் அழியாது. இன்னொன்று, பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்குவது. பச்சை முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரிகிறது, பச்சை மாவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மாவு வேகாத பொருள். 2016-ல் அமெரிக்காவில் மாவு வழியாக ஈ.கோலை கிருமி பரவி, பல மாநிலங்களில் மக்கள் நோயில் விழுந்தார்கள்.

மீறி யாராவது சாப்பிட்டுவிட்டால்? தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலே அட்ரினலின் ஊசிதான், தொடையின் வெளிப்பக்கம், தாமதிக்காமல். தெரிந்த ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சோ மயக்கமோ தெரிந்தால் தடிப்பு வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தோல் சுத்தமாக இருந்தும் ஆபத்து வரும். போன வாரம் வந்த குழந்தைக்கு வீட்டில் அலர்ஜி சிரப் கொடுத்துவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ அட்ரினலின் ஊசி பீரோவில் இருந்தது. சிரப் அரிப்பைக் குறைக்கும், வீங்கும் தொண்டையையும் சரியும் ரத்த அழுத்தத்தையும் பிடித்து நிறுத்தாது. "ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று அப்பா கேட்டார். அந்த அளவு அட்ரினலின் குழந்தைக்குக் கொஞ்ச நேரம் படபடப்பைத் தரும், கை நடுங்கும். போடாமல் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஊசி போட்டதும் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம். எழுப்பி நடத்திக் கூட்டிவராதீர்கள், திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து நிலைமை மோசமாகும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால், இரண்டாவது ஊசி இருந்தால் போடுங்கள். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பும் வழக்கம் இதற்கு உண்டு.

கடைசியாக, குக்கீ கொடுக்கும் அக்காக்களுக்கும் அத்தைகளுக்கும். உங்கள் டப்பாவை ஒரு தாய் வாங்கிப் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் மனம் நோகாதீர்கள். "ஒண்ணே ஒண்ணு, என் கையால" என்று வற்புறுத்தாதீர்கள். குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டும் கொடுக்காதீர்கள். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் போல இருந்தால் ஒரு வண்ணப் பெட்டியோ கதைப் புத்தகமோ கொடுங்கள். இல்லையென்றால் அந்த அம்மாவையே உங்கள் சமையலறைக்கு அழைத்து, அவர் கொண்டுவரும் மாவிலும் கிண்ணத்திலும் அவர் முன்னாலேயே செய்யுங்கள். ஆறு வயதுக் குழந்தை மாவை உருட்டி நட்சத்திர அச்சில் அழுத்த நன்றாகவே கற்றுக்கொள்ளும்.