வனேடிய அணைவைச் ‘சிக்கல்’ என்று எழுதலாமா?

‘வனேடியம் சிக்கல்கள் வினையூக்கிகளாகவும் சாத்தியமான ஒட்டுண்ணி எதிர்ப்பு முகவர்களாகவும் செயல்படுகின்றன.’ ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த இந்த வாக்கியத்தையும் இதன் உடன்பிறப்புகளையும் எத்தனை முறைதான் படிப்பது? வேதியியல் தெரியாதவர் படித்தால், வனேடியம் என்ற உலோகத்தில் ஏதோ கோளாறு, அதைத் தீர்க்க முகவர்கள் வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். வேதியியல் படித்தவரோ, இது தமக்குத் தெரிந்த அணைவுச் சேர்மம்தான் என்று அடையாளமே காணமாட்டார்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஓர் உலோக அணு அல்லது அயனி. அதைச் சுற்றி, தம்மிடமுள்ள எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளோ அயனிகளோ. கொடுப்பவை ஈனிகள். எல்லாம் சேர்ந்த உருவே ஆங்கிலத்தில் காம்ப்ளெக்ஸ், தமிழில் அணைவு. இந்த அமைப்பை 1893இல் விளக்கிய ஆல்ஃபிரெட் வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. சொல்லின் மூலம் இலத்தீன் ‘கொம்ப்ளெக்சுஸ்’: சேர்த்துப் பின்னியது என்று ஒரு பொருள், தழுவல் என்று இன்னொரு பொருள். ‘அணைவு’ அந்த இரண்டாம் பொருளில் அப்படியே போய்ப் பொருந்துகிறது.

சிக்கல் என்போரின் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ‘சிக்கு’ நல்ல தமிழ் வேர். மீன் வலையில் சிக்குகிறது; உலோகம் ஈனிகளிடையே சிக்கியிருக்கிறது. இலங்கை வழக்கில் ‘சிக்கற்சேர்வை’ என்று முழுச் சொல்லாக வருவதால் அங்கே குழப்பம் குறைவு. அப்படிப் படித்தவர்கள் அப்படியே எழுதட்டும். என் சண்டை, ‘சேர்வை’யையும் ‘சேர்ம’த்தையும் உதறிவிட்டு மொட்டையாகச் ‘சிக்கல்கள்’ என்று எழுதுகிறவர்களோடுதான். மொட்டையாக வந்தால் அது பிரச்சினை என்றே காதில் விழும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சிக்கு என்றால் ஒழுங்கு குலைந்தது. முடியில் சிக்கு விழுந்தால் எந்த இழை எங்கே போகிறதென்று தெரியாது. அணைவில் அப்படியா?

வனடைல் அசிட்டைல்அசிட்டோனேட் என்ற அணைவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வனேடியம். உச்சியில் இரட்டைப் பிணைப்போடு ஓர் ஆக்சிஜன். கீழே இரண்டு ஈனிகள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு ஆக்சிஜன் கைகளால் பிடித்தபடி. சதுர அடித்தளமுள்ள பிரமிடு வடிவம். உச்சி ஆக்சிஜனுக்கு நேர் எதிரே ஓரிடம் காலி. பிரிடின் போன்ற இன்னோர் ஈனி வந்தால் அங்கே அமர்ந்துகொள்ளும். எந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வினையூக்கியாக இது வேலை செய்வதும் பிடித்தும் விட்டும்தான். பெராக்சைடு சேர்ந்ததும் வனேடியம் +5 ஆக்சிஜனேற்ற நிலைக்கு ஏறுகிறது. பெராக்சைடும் அல்லைல் ஆல்கஹாலும் ஒரே வனேடியத்தைப் பற்றிக்கொள்ள, பெராக்சைடின் ஆக்சிஜன் அணு ஒன்று ஆல்கஹாலின் இரட்டைப் பிணைப்புக்குக் கைமாறி, எப்பாக்சைடு என்ற மூவணு வளையம் உண்டாகிறது. இந்த வேலையைச் சொல்ல ‘அணைவு’ உதவுகிறது. ‘சிக்கல்’ எதைச் சொல்கிறது?

விளக்கை அணைப்பதும் ‘அணை’தானே என்று கேட்பவர்கள் உண்டு. தலையணை என்றால் யாரும் விளக்கை நினைப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை இதுதான்: காம்ப்ளெக்ஸ் என்று கண்டதும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். கட்டடமானால் வளாகம், கணிதத்தில் கலப்பெண், மனத்தைப் பற்றியதானால் மனப்பான்மை என்று இடமறிந்து பிரித்துச் சொல்லத் தமிழ் எப்போதோ கற்றுவிட்டது. வேதியியலுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

‘ஏஜென்ட்’ என்பதற்கு எழுதும் ‘முகவர்’ இன்னும் மோசம். காப்பீடு விற்பவர் முகவர்; மூலக்கூறு எப்படி முகவராகும்? ஊக்குவது ஊக்கி, ஒடுக்குவது ஒடுக்கி, ஈனுவது ஈனி, கொல்வது கொல்லி. ஓர் இகரம் போதும். பூச்சிக்கொல்லி என்று வாய் நிறையச் சொல்கிற நாம் ஒட்டுண்ணிக்கொல்லி என்று சொல்லத் தயங்குவானேன்?

சாகஸ் நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசி என்ற ஒட்டுண்ணி மீதும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி மீதும் வனேடிய அணைவுகளை ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். சாகஸுக்குக் கைவசம் இருப்பவை பென்ஸ்நிடசோல், நைஃபர்டிமாக்ஸ் என்ற இரண்டு பழைய மருந்துகள், பக்கவிளைவுகள் மிகுந்தவை. ஃபினாந்த்ரோலின் போன்ற தட்டையான ஈனியை வனேடியத்தோடு சேர்த்தால், அது டி.என்.ஏ.வின் படிகளுக்கிடையே நுழையக்கூடும். ஈனியை மாற்றினால் நச்சுத்தன்மையும் மாறும், செல்லுக்குள் புகும் திறனும் மாறும். இங்கேயும் எது எதை அணைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆகவே அந்த வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: ‘வனேடிய அணைவுகள் வினையூக்கிகளாகப் பயன்படுகின்றன, ஒட்டுண்ணிக்கொல்லிகளாகவும் ஆகலாம்.’ அந்த ‘ஆகலாம்’ அவசியம். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக அவை இன்னும் வரவில்லை. ‘சாத்தியமான முகவர்கள்’ என்ற தொடரில் அந்தச் செய்தி காணாமல் போய்விடுகிறது.